மஞ்சள் மாத்திரையின் மேல்பூச்சு

பேருந்துகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் அந்தப் பட்டறையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மூணு கோட்டு" என்றால்தான் ஆளைக் காட்டுவார்கள். அவசரம், நாளைக்கே வண்டி ஓடணும், ஒரு கோட்டு அடித்துத் தள்ளிவிடு என்று முதலாளியே வந்து நின்றாலும் மனுஷன் அசைய மாட்டார். துருவைச் சுரண்டி, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகரத்தைத் துருவிலிருந்து காக்கும் பிரைமர் அடித்து, அது காய்ந்தபின் மறுபடி தேய்த்து, அதற்கு மேலே கலர் மூன்று கோட்டு. அவர் கையை விட்டுப் போன வண்டியில் ஐந்து வருஷத்துக்குத் துரு எட்டிப் பார்க்காது. அந்தத் திமிர் அவருக்கு உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவருக்குக் கொஞ்சம் திமிர் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் நெஞ்செரிச்சல் பிடித்து ஆட்டியது. மதியம் சாப்பிட்டுவிட்டுச் சக்கரத்துப் பக்கம் குனிந்தால் போதும், புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறிவிடும். காறிக் காறித் துப்பினாலும் நாக்கில் அந்தக் கசப்பு போகாது. படுத்தால் இன்னும் மோசம் என்று கட்டிலை விட்டுவிட்டு முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். ஆறு மாதம் இப்படியே ஓட்டினார் என்றால் நம்புவீர்களா? ஓட்டினார். "சூடு, சரியாப் போயிடும்" என்ற ஒரே பாட்டு. கடைசியில் அவர் மனைவிதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் நல்ல மாதிரி. பொறுமையாகக் கேட்டார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றார். இல்லை என்றார் மூணு கோட்டு. சாப்பாடு விழுங்கும்போது எங்கேயாவது அடைக்கிறதா என்றார். அதற்கும் இல்லை. வீட்டில் யாருக்காவது வயிறு, உணவுக்குழாய் சம்பந்தமாகப் பெரிய வியாதி வந்திருக்கிறதா? மனைவி வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, அதெல்லாம் ஒன்றும் கிடையாது என்றுவிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். மூன்று கேள்வி, மூன்றுக்கும் பொய். வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிற ஆட்களை என்னதான் செய்வது?

அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். தினம் ஒன்று, காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், தண்ணீரோடு. நான்கு வாரம் கழித்து வந்து பார்க்கச் சொன்னார். மாத்திரை மஞ்சள் நிறம். நல்ல வழவழப்பு.

அந்த வழவழப்பில்தான் வந்தது வினை. வீட்டுக்கு வந்து ஒரு மாத்திரையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தார். ஒரு திட்டு இல்லை, ஒரு வழிசல் இல்லை. அடித்தவன் கைகாரன்தான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார். மெச்சினாரே ஒழிய விழுங்க மனசு வரவில்லை. பெயிண்ட் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷமாக மூக்கில் துணி கட்டி, சாப்பிடும் முன் முழங்கைவரை சோப்புப் போட்டு, ஒரு துளி வாய்க்குள் போகாமல் காப்பாற்றிக்கொண்டு வந்த ஆள் அவர். கடைக்காரன் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று கம்பெனிக்காரன் பூசிய கலரைத் தின்ன அவருக்கு என்ன தலையெழுத்தா?

ஆக, என்ன செய்தார் தெரியுமா? பட்டறையிலிருந்து ஆயிரம் நம்பர் உப்புத்தாளில் ஒரு துண்டைக் கிழித்து வந்தார். அதைவிட நைஸாகத் தேய்ப்பதற்கு இன்னொரு தாள் உண்டு, அது மாத்திரைக்கு அதிகம் என்று அவரே முடிவுகட்டினார். தினமும் காலை ஆறரைக்கு மாத்திரையை இரண்டு விரலால் பிடித்து, மெல்ல மெல்லச் சுற்றித் தேய்த்து, மஞ்சள் முழுக்கப் போய் வெள்ளை தெரிந்தபின், வாயால் ஊதித் தூசி தட்டி, விழுங்கித் தண்ணீர் குடித்தார். மனைவி சலவைக்கடையில் வேலை பார்க்கிறாள். ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை, ஆனால் அன்று அவள் எழவே ஏழாகிவிடும். அதனால் இந்தத் திருக்கூத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று.

மற்றபடி ஒரு குறை சொல்ல முடியாது. ஒருநாள் தவறவில்லை. ஆறரை என்றால் ஆறரை, சாப்பாடு ஏழுக்கு. காரத்தைக் குறைத்தார், காபியை விட்டார், இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்தார். நான்கு வாரம் முடிந்தது. எரிச்சல் இருந்த இடத்தை விட்டு இம்மியும் நகரவில்லை.

அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. காரணம் அவருடைய அண்ணன். லாரி ஓட்டியவர். ஸ்டியரிங் பக்கத்தில் எப்போதும் ஒரு வெள்ளை மருந்துப் பாட்டில் இருக்கும்; நெஞ்சு எரிந்தால் மூடியைத் திறந்து இரண்டு மடக்கு, அவ்வளவுதான் அவர் பார்த்த வைத்தியம். அப்புறம் சாப்பாடு அடைக்க ஆரம்பித்தது. அப்புறம் ஆள் இளைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது உணவுக்குழாயில் கட்டி முற்றியிருந்தது. போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. தம்பிக்கும் சில மாதமாகவே ரொட்டித்துண்டு நெஞ்சுக்கு நடுவே நின்றுவிடுகிறது. ஒரு பேருந்துக்குப் பின்னால் மறைந்து நின்று, அது இறங்கும்வரை கண்ணில் நீர் வழியத் தண்ணீர் குடித்திருக்கிறார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சொன்னபடி ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை என்றால் வேறு என்னவாக இருக்கும்? அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கிறது என்று அவரே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டார். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அண்ணி போன் பண்ணுவார். அதை எடுப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

டாக்டரிடம் தனியாகப் போனார். குறையவில்லை என்று கேட்டதும் டாக்டர், வாய் வழியாகச் சின்னக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம், அதுவரை அதே மாத்திரையைத் தொடருங்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மூணு கோட்டு அதை எட்டாக மடித்து, பட்டறையில் கண்ணாடிமேல் பெயிண்ட் படாமல் ஒட்டுகிற டேப் வைக்கும் டப்பாவுக்குள் போட்டு மூடினார். வீட்டில் டாக்டர் எல்லாம் சரியாக இருக்கு என்றார் என்று சொன்னார். பார்த்தால்தானே தெரியும், தெரியாதவரை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு கணக்கு. பயம் வந்தால் எவ்வளவு கெட்டிக்காரனுக்கும் புத்தி இப்படித்தான் போகும்.

ஆனால் எரிச்சலை என்ன செய்வது? மூன்று வாரம் போனது. மாத்திரை ஒன்று சாப்பிட்டுக் கேட்கவில்லை, இரண்டாகச் சாப்பிட்டுப் பார்ப்போம் என்று அவராகவே முடிவெடுத்து மருந்துக்கடைக்குப் போனார். டாக்டர் எழுதிய காகிதம் ஏதாவது கையில் இருந்தால் கொடுப்பார்கள் என்று நினைத்து அந்தச் சீட்டையே எடுத்துக்கொண்டு போனார். கடையில் மருந்தாளராக இருந்தது ஒரு பெண், முப்பது வயது இருக்கும். சீட்டைப் பிரித்துப் படித்தாள். இது மாத்திரைக்கு எழுதினது இல்லை, குழாய் விட்டுப் பார்க்க எழுதினது, தேதி போட்டு மூன்று வாரமாகிவிட்டதே என்றாள். டாக்டர் சொல்லாமல் அளவைக் கூட்டித் தர முடியாது என்றும் சொன்னாள். அதோடு விட்டிருந்தால் மனுஷன் வேறு கடைக்குப் போயிருப்பார். அவள் விடவில்லை. இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள்.

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி அது. எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். எப்படி என்று யார் கேட்டார்கள்? மூணு கோட்டுக்குத் தன் ஒழுங்கைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. மிச்சமிருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினார், சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார், கவுண்டர் மேலேயே தேய்த்துக் காட்டினார். மஞ்சள் தூள் கண்ணாடி மேல் உதிர்ந்தது. அந்தப் பெண் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றிருந்த ஒருவர் தான் வாங்க வந்ததை மறந்து எட்டிப் பார்த்தார்.

"ஐயா, எத்தனை நாளா இப்படிப் பண்றீங்க?" என்றாள்.

"முதல் நாள்லேர்ந்து. ஒரு நாள் விட்டதில்லை."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் போய்விட்டிருப்பார். ஒரு காகிதத்தில் வயிற்றைப் படம் போட்டு நிதானமாகச் சொன்னாள். இந்த மருந்து வயிற்றில் கரையக்கூடாது. அங்கே இருக்கும் அமிலம் பட்டால் மருந்தே கெட்டுப்போகும். அதனால்தான் அமிலம் தின்னாத ஒரு பூச்சை மேலே போட்டிருக்கிறார்கள். அது வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போனபிறகுதான் கரைந்து மருந்தை வெளியே விடும். தேய்க்கக்கூடாது, உடைக்கக்கூடாது, பொடிக்கக்கூடாது, மெல்லக்கூடாது. முழுசாக விழுங்கணும். நீங்கள் இத்தனை நாளாகச் சாப்பிட்டதில் முக்கால்வாசி வயிற்றுக்குள்ளேயே பாழாகியிருக்கும் என்றாள்.

மூணு கோட்டின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடி மேல் கிடந்த மஞ்சள் தூளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இது கலர் இல்லையாம்மா," என்றார் கடைசியில். "இது பிரைமர்."

அவள் ஆமாம் என்றாள், பிரைமர் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. அவருக்குத் தெரியும். பிரைமரைச் சுரண்டாதீங்கடா, தகரத்தைத் துரு தின்னுடும் என்று பட்டறையில் அவர் கத்தாத நாள் கிடையாது. அந்த மனுஷனே உட்கார்ந்து, கண்ணும் கருத்துமாக, தினம் ஒரு பிரைமரைச் சுரண்டி எறிந்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த வெட்கத்துக்குக் கீழே வேறொன்றும் எட்டிப் பார்த்தது. மருந்து கேட்கவில்லை என்பதில்லை, மருந்து இன்னும் உள்ளேயே போகவில்லை. அப்படியென்றால்?

அந்தப் பெண் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். வேறு மாத்திரை ஏதாவது? இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், ஸ்பிரே கன் பிடிக்கிற தோள் வலிக்கு மட்டும் ஒன்று போடுவேன், அது மருந்து இல்லை, சும்மா வலிக்குத்தான் என்றார். தினமுமா? தினமும், சில நாள் இரண்டு. எடுத்துக் காட்டினார். சின்ன வெள்ளை மாத்திரை, சீட்டு இல்லாமல் பெட்டிக்கடையில் வாங்கியது. அதை மட்டும் ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டாள். வெள்ளையாக இருக்கிறதே, பெயிண்ட் அடிக்காத சுத்தமான சரக்கு என்று நம்பியிருக்கிறார். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். வயிற்றையும் உணவுக்குழாயையும் புண்ணாக்குவதில் இந்த வெள்ளைக்குத்தான் பெரிய பங்கு இருக்கலாம், டாக்டரிடம் கேட்கும்வரை தொடாதீர்கள், தோளுக்கு வேறு வழி அவரே சொல்வார் என்றாள்.

அப்புறம் சீட்டைத் தூக்கிக் காட்டி, சாப்பாடு அடைக்கிறதா என்று கேட்டாள். ஏனோ அவளிடம் பொய் வரவில்லை. மூன்று தடவை அடைத்ததையும், அண்ணனுக்கு நடந்ததையும், டாக்டரிடம் மறைத்ததையும் சொன்னார். முன்பின் தெரியாத ஒரு கடையில், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு.

"மாத்திரையை முழுசா விழுங்கினா எரிச்சல் குறையும்," என்றாள் அவள். "குறைஞ்சாலும் இந்த வாரமே போய் குழாய் விட்டுப் பாத்துடணும். எரிச்சல் நின்னதால உள்ள ஒண்ணும் இல்லைன்னு ஆயிடாது. அடைக்குதுன்னு டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் ஆட்டலாம்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் உப்புத்தாள் கதையைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் மடித்து வைத்திருந்த துணி சரிந்தது. "மாத்திரைக்குப் பட்டி வைக்கலையா? பட்டி வைக்காம எப்படி விட்டீங்க?" என்று கேட்டுக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் சிரித்தார். அடைப்பதைச் சொல்லவில்லை, சீட்டையும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து மஞ்சள் முழுசாக உள்ளே போனது. வெள்ளையை நிறுத்தினார். நாலாம் நாள் எரிச்சல் பாதியானது. ஆறாம் நாள் சக்கரத்துப் பக்கம் குனிந்து ஒரு மணிநேரம் தேய்த்தார், தொண்டைக்கு ஒன்றும் வரவில்லை. தலைகால் புரியவில்லை அவருக்கு. இனி எதற்குக் குழாய், எதற்கு ஆஸ்பத்திரி? மருந்துதான் வேலை செய்கிறதே. அந்தப் பெண் சொன்னதை அப்படியே ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார்.

ஆனால் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டார். மருந்துக்கடையிலிருந்து வந்த சீட்டு டப்பாவுக்குத் திரும்பவில்லை. வேலைச் சட்டையின் பையிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி துணி துவைக்க உட்கார்ந்தாள். சலவைக்கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். பையைத் தடவிப் பார்க்காமல் ஒரு துணியையும் தண்ணீரில் போட்டதில்லை. பேனா, பிளேடு, காதல் கடிதம் எல்லாம் எடுத்திருக்கிறாள். இந்தத் தடவை எட்டாக மடித்த ஒரு காகிதம் வந்தது. பிரித்தாள், படித்தாள், தேதியைப் பார்த்தாள்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. ஈரக் கையோடு வந்து அவர் எதிரே உட்கார்ந்து, எல்லாம் சரியாக இருக்கு என்று சொன்னது எந்த டாக்டர் என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். ரொட்டி அடைத்தது, பேருந்துக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்தது, எல்லாம். சொல்லி முடித்து, இப்போதான் எரிச்சல் நின்னுடுச்சே என்று முனகினார்.

"துரு இருக்கா இல்லையான்னு பாக்காம மேல கலர் அடிச்சா நீங்க ஒத்துக்குவீங்களா?" என்றாள். "உங்களுக்கு என்ன ஆனாலும் நான் தாங்கிக்குவேன். தெரியாம இருந்தேன்னா மட்டும் தாங்க மாட்டேன்."

அவள் கையிலிருந்த சீட்டு ஓரத்தில் நனைந்திருந்தது. அதை வாங்கித் துடைத்து, மேஜைமேல் காயப் போட்டார்.

திங்கட்கிழமையே போனார்கள். இந்தத் தடவை டாக்டரிடம் மறைக்கவில்லை. மறைக்க அவள் விட்டால்தானே. உப்புத்தாளைக் கேட்டு டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அடைப்பையும் அண்ணனையும் வெள்ளை மாத்திரையையும் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி இரண்டு நாளில் நேரம் வாங்கிக் கொடுத்தார். குழாய் விட்டது கால்மணி நேரம்கூட இல்லை. உணவுக்குழாயின் அடியில் புண்ணும் வீக்கமும் இருந்தது, அதனால்தான் அடைத்திருக்கிறது. கட்டி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, இருந்தாலும் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். அந்த ஒரு வாரம் இருவரும் பேசியதைவிட விழுங்கியதுதான் அதிகம்.

முடிவு வந்தது. கெட்டது எதுவும் இல்லை. வெறும் புண்தான், ஆறிவிடும். எட்டு வாரம் மாத்திரை, முழுசாக. அதற்குப் பிறகு வந்து பார்க்கணும். நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்தவும் கூடாது, பிடித்துவிட்டது என்று தானாகத் தொடரவும் கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். தோளுக்குக் களிம்பும் கை அசைக்கும் பயிற்சியும் கொடுத்தார். கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். மூணு கோட்டு பட்டறையில் இரண்டு மரக்கட்டையை அறுத்து, பிரைமர் அடித்து, மஞ்சளில் மூன்று கோட்டு போட்டுக் கட்டிலின் தலைப்பக்கக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். கட்டிலுக்கு அடியில் எவன் பார்க்கப் போகிறான் என்று மனைவி கேட்டாள். அதெல்லாம் அவர் காதில் விழுமா? நாற்காலி முன்னறையில் காலியாகக் கிடந்தது.

அடுத்த ஞாயிறு காலை மனைவி சீக்கிரமே எழுந்துவிட்டாள். அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு அவளோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். ஏழு மணிவரை சாப்பிடக்கூடாது. அந்த அரைமணி நேரம் அவருக்கு வேறு வேலை இல்லை. போனை எடுத்து, எத்தனையோ வாரமாகத் தான் எடுக்காமல் விட்ட எண்ணுக்கு அவரே போட்டார். அண்ணி எடுத்தார். ஏன் தம்பி, நான் என்ன தப்பு பண்ணினேன் என்றுதான் முதலில் கேட்டார். நீங்க ஒண்ணும் பண்ணலை அண்ணி, பயந்துட்டேன் என்றார் இவர். எல்லாவற்றையும் சொன்னார். உப்புத்தாள் இடத்தில் அண்ணி சிரித்தார். சட்டைப் பையில் சீட்டு மாட்டிக்கொண்ட இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்க அண்ணன் சட்டையிலயும் ஒரு சீட்டு இருந்துச்சு தம்பி," என்றார் அண்ணி. "இதே மாதிரி, குழாய் விட்டுப் பாக்கச் சொல்லி. காரியமெல்லாம் முடிஞ்சு துணிகளை எடுத்து வைக்கும்போதுதான் பாத்தேன். அவர் போறதுக்கு ஒரு வருஷம் முந்தின தேதி. நான் யார்கிட்டயும் சொல்லலை."

மூணு கோட்டுக்குத் தொண்டை அடைத்தது. இது வேற அடைப்பு, தண்ணீர் குடித்தால் இறங்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கைமேல் கை வைத்தாள்.

"நீங்க போனீங்களே," என்றார் அண்ணி. அழுகிறார் என்று தெரிந்தது. "அது போதும் எனக்கு. மாத்திரை சாப்பிட்டாச்சா?"

"ஆறரைக்கே சாப்பிட்டாச்சு அண்ணி. முழுசா."

"அப்ப இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருங்க."

அவர் பேசிக்கொண்டிருந்தார். மனைவி எழுந்து இரண்டு தட்டை எடுத்து வைத்தாள்.